தம்பியின் பழங்காசுகள்

சீல்காரர் வீட்டில் எதையும் சும்மா தொட்டுவிட முடியாது. டி.வி. ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை. பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் மூன்று சேனல் தாண்டிப் போய் நிற்கும். கல்யாணப் போட்டோவை உறைக்குள் வைத்து நான்கு பக்கமும் ஒட்டியிருந்ததில், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மூச்சு முட்டுவது போலத் தெரியும். வீட்டுப் பத்திரம், மகளுடைய பள்ளிச் சான்றிதழ், தீப்பெட்டி, குடையின் கைப்பிடி எல்லாமே உறைக்குள்தான். "ஒரு நாள் என்னையும் உள்ள போட்டு ஒட்டிடப் போறாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். சீல்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் உறையைக் கழற்ற மட்டும் விடமாட்டார்.

அவருக்கு வேலை மழைக்கோட்டுக் கம்பெனியில். மெத்தென்ற கண்ணாடி பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்து இறங்கும். அதில் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மெஷினுக்கு அடியில் நகர்த்தி, காலால் மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடு பாய்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். தைத்தால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், ஒட்டினால் இறங்காது. அவர் ஒட்டிய கோட்டு ஒன்றுகூட ஒழுகுகிறதென்று திரும்பி வந்ததில்லை. ஒட்டு சூடாக இருக்கும்போதே அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் சின்னதாக ஒரு கீறல் போடுவது அவர் வழக்கம். அந்தக் கீறலைப் பார்த்தால் முதலாளி அதற்கு மேல் சோதிக்க மாட்டார். கம்பெனிக் கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள்தான் அவருக்குச் சீல்காரர் என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் கூடத்தில் எப்போதும் ஒரு வாசனை உண்டு. லேசான தித்திப்பு, கொஞ்சம் தொண்டையைக் கரகரக்க வைக்கும். சட்டையோடு அது வீட்டுக்கும் வரும். புதுச் சாமான் வாசனை என்று சீல்காரருக்கு அது பிடிக்கும். வாசனை வருகிறதென்றால் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ ஒன்று ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் அப்படி யோசித்ததில்லை. நாம் மட்டும் என்ன பெரிதாக யோசித்துவிட்டோம், அவரைக் குறை சொல்ல.

அவருக்கு ஒரே தம்பி. வயது வித்தியாசம் நிறைய. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் சீல்காரரும் அவர் மனைவியும்தான் அவனை வளர்த்தார்கள். தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு சைக்கிளுக்கு ஆசைப்பட்டு, லீவு நாளில் எல்லாம் வேலைக்குப் போய், பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். துடைத்துத் துடைத்தே அதன் பெயின்ட் போயிற்று. தொழில் படிக்க வெளியூர் போனபோது அதை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். சீல்காரர் ஒரு நாள் அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால், சுவரோரம் சாய்த்து வைத்த சைக்கிளைக் காணவில்லை.

தேடாத இடமில்லை. தம்பி லீவுக்கு வந்தபோது நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி விடுண்ணா" என்றான். பிறகு அவன் கண் அறையின் மூலைக்குப் போயிற்று. அங்கே அண்ணிக்காகப் புதிதாக வாங்கிய தையல் மெஷின் இருந்தது. கம்பெனியில் தவணைக்கு எடுத்துக் கொடுத்தது அது, சைக்கிளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் தம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிளை விற்றா இதை வாங்கினாய் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சீல்காரர் தவணை ரசீதைக் கொண்டுவந்து முன்னால் போட்டிருப்பார். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் திருடன் தானாக வந்து மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று அவரும் சும்மா இருந்துவிட்டார். அந்தப் பார்வை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, எஞ்சின் அறையில். போனால் வருஷக்கணக்கில் போகிற வேலை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தான். உள்ளே அவன் சின்ன வயதிலிருந்து சேர்த்த பழங்காசுகள். ஒவ்வொன்றையும் காகித உறைக்குள் போட்டு, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தான். கன்னங்கரேலென்று ஒரு செப்புக்காசு, அதில் ஒரு ராணியின் தலை. நடுவில் ஓட்டை போட்டது ஒன்று. மரம் பொறித்த வெள்ளிக்காசு ஒன்று. இப்படி டப்பா நிறைய.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ணா. இப்படியே அலமாரி மேல வெச்சிரு. ஈரம் படாம இருந்தாப் போதும். நான் திரும்பி வந்து வாங்கிக்கறேன்."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது போல சீல்காரருக்கு இருந்தது. தம்பி போன பிறகு மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, திரும்பவும் நம்மகிட்டதான் குடுக்கறான். இந்தத் தடவை ஒரு குண்டுமணி குறைஞ்சுதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

சொன்னவர் அதோடு விட்டிருக்கலாம். காகித உறையை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாமே, பிரிக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்ற நினைப்பு அவரைக் குடைந்தது. மறுநாளே டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். காசை எடுத்து, தம்பியின் எழுத்துள்ள காகிதத் துண்டோடு சேர்த்து, மழைக்கோட்டுப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து நான்கு பக்கமும் ஒட்டினார். ஒவ்வொரு ஒட்டிலும் நகத்தால் கீறினார். இனி கிழிக்காமல் யாரும் வெளியே எடுக்க முடியாது, கிழித்தால் கீறலும் போய்விடும். அண்ணன் கை படவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

வருஷங்கள் ஓடின. பெட்டிக்காக அவர் பயப்படாத ஆபத்தே கிடையாது. பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், அலமாரி மேல் இருந்த பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. தெருவில் தண்ணீர் ஏறிய வருஷம் மறுபடியும் அலமாரி மேல் ஏறியது. எலி, கரையான், நெருப்பு, மனைவியின் சொந்தக்காரர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வெளியிலிருந்து வரக்கூடிய எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பூட்டு இருந்தது. ஏதாவது துறைமுகத்திலிருந்து தம்பி போன் செய்து, "காசு பத்திரமா இருக்காண்ணா?" என்று கேட்கும்போதெல்லாம், "உன் கப்பல்ல தண்ணி ஏறினாலும் ஏறும், என் பெட்டில ஏறாது" என்பார். தம்பி சிரிப்பான்.

முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவிதான். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க, இந்தப் பெட்டிகிட்ட ஒரு மாதிரி நாத்தம் வருது. புளிச்ச மாதிரி."

"புதுச் சாமான் வாசனை அப்படித்தான் இருக்கும்."

"எத்தனை வருஷத்துக்குப் புதுசாவே இருக்கும்? ஒரு தடவை தொறந்துதான் பாருங்களேன்."

"தொறக்கறதா! அப்புறம் சீல் போட்டதுக்கு என்ன மரியாதை? அவன் வந்து அவன் கையால தொறக்கட்டும்."

மனைவி அந்த அலமாரியில் வைத்திருந்த தன் புடவைகளை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டார். வாசனை குறையவில்லை. கோடைக்காலத்தில் மதிய வெயில் சுவரில் அடிக்கும்போது அது அறைக்கு வெளியேயும் வர ஆரம்பித்தது. சீல்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வேறு எதையாவது பேசுவார். அவருக்கும் உள்ளூர ஏதோ உறுத்தியிருக்கிறது. இல்லையென்றால் ஜன்னலை ஏன் திறக்கிறார்?

ஒரு நாள் தம்பியிடமிருந்து போன் வந்தது. கப்பல் வேலை போதும், ஒரேயடியாக வந்துவிடுகிறேன், அடுத்த வாரம் வீட்டில் இருப்பேன் என்றான். "வந்ததும் மொதல்ல காசைத்தான் பாக்கணும்ணா. போற எடத்துல எல்லாம் பழங்காசு சேக்கறவங்களைப் பாத்துப் பாத்து நிறைய கத்துக்கிட்டேன். ஒண்ணும் தெரியாம சின்ன வயசுல சேத்தது, இப்போ பாத்தா என்னென்ன இருக்கோ!"

சீல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் எண்ணெய் விட்டு, சாவி திரும்புகிறதா என்று பார்க்கத்தான் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உறைகள் ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தன. பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போய், உள்பக்கம் எண்ணெய் மாதிரி வேர்த்திருந்தது. காசுகளின் மேல் பச்சை. தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கிற பாசி மாதிரி கொழகொழவென்று ஒரு பச்சை. ராணியின் மூக்கும் வாயும் அதற்குள் போயிருந்தன. வெள்ளிக்காசின் மரத்தில் பச்சை ஒழுகியிருந்தது. தம்பியின் எழுத்துகள் எண்ணெயில் ஊறி நீலக் கறையாகிவிட்டன. ஒன்றைக் கிழித்து மோந்து பார்த்தார். கம்பெனி வாசனைதான், ஆனால் கெட்டுப்போன வாசனை.

தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று ஒவ்வொரு ஒட்டாக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட விடவில்லை. கீறல்கள் போட்டது போட்டபடி இருந்தன. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, அப்படியென்றால் இது உள்ளேயே இருந்திருக்கிறது. அவரே கொண்டுபோய் உள்ளே வைத்து, வெளியே வர வழியில்லாமல் ஒட்டியிருக்கிறார். அது புரிந்தபோது கையிலிருந்த உறையைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"உள்ளதைச் சொல்லிடுங்க," என்றார் மனைவி. "தெரியாம நடந்ததுதானே. நல்லது நினைச்சுத்தானே பண்ணீங்க."

"சொன்னா நம்புவானா? சைக்கிளையே நம்பல."

"அவன் நம்பலன்னு உங்ககிட்ட சொன்னானா?"

"சொல்லித்தான் தெரியணுமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் கதவைச் சாத்திவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்தார். பித்தளை பாலிஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், கந்தல் துணி. முதல் காசைக் கிழித்து எடுத்துத் தேய்த்தார். பச்சை கரைந்து ஓடியது. இன்னும் தேய்த்தார். கறுப்பும் போய், அடியிலிருந்து செம்பு பளீரென்று சிரித்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். காசு முன்னைவிட அழகாகிவிட்டது போல அவருக்குத் தோன்றியது, பாவம். தம்பி பார்த்தால் அசந்துபோவான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

நிறைய காசுகளில் பச்சைக்கு அடியில் குழி விழுந்திருந்தது, எறும்பு கடித்துத் தின்ற மாதிரி. அந்தக் குழிகள் மறைகிற வரைக்கும் அழுத்தித் தேய்த்தார். மரத்தின் கிளைகள் மழுங்கின. ராணிக்குக் கண் இருந்த இடம் வழவழப்பாயிற்று. சாயங்காலம் துண்டு விரித்துக் காயப்போட்டபோது, எல்லாக் காசுகளும் நேற்றுத்தான் அடித்தது போல ஒரே மாதிரி மின்னின. அவர் விரலெல்லாம் பச்சை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தும் கை வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் புது உறைக்குள் வைத்து ஒட்டினார். காகிதத் துண்டுகளில் புதிதாக எழுதினார், தம்பி எழுதியிருந்ததை நினைவுபடுத்தி, அவன் எழுத்து மாதிரியே. முதல் ஒட்டில் நகத்தை வைக்கப் போனபோது விரல் தயங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கீறல் பொய் சொன்னதில்லை. பிறகு கீறினார். அடுத்ததில் தயக்கம் குறைந்தது, அதற்கடுத்ததில் இல்லவே இல்லை. மனைவி மட்டும், "பொய்யை வெச்சு ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். பழைய உறைகளையும் பச்சைத் துணிகளையும் ஒரு பையில் கட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, சீல்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

தம்பி வந்தான். தலை நரைத்திருந்தது, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. அண்ணியின் காலைத் தொட்டான், அண்ணனைக் கட்டிக்கொண்டான். காபியைப் பாதி குடித்ததுமே, "பெட்டியக் கொண்டாண்ணா" என்றான். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, முன்னறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சீல்காரர் பெட்டியை அவன் முன்னால் வைத்துத் திறந்தார்.

உறைகளைப் பார்த்ததும் தம்பியின் முகம் மாறியது. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோனான்.

"இந்தப் பிளாஸ்டிக்லயா போட்ட? எப்போ?"

"நீ போன மறுநாளே. அப்போ ஒட்டினதுதான், இதுவரைக்கும் தொறக்கவே இல்ல. கீறல் இருக்கு பாரு."

"தொறக்கவே இல்லையா?"

"ஒரு தடவைகூட இல்லடா."

தம்பி அவசரமாக உறையைக் கிழித்தான். காசை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கண்ணாடியை வைத்துப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு இன்னொன்றைக் கிழித்தான், பிறகு இன்னொன்று. அறையில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. சமையலறை வாசலில் அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இந்த மாதிரிப் பிளாஸ்டிக்ல காசு வெச்சா பச்சை புடிச்சுடும். அதுலேருந்து ஒண்ணு கசிஞ்சு காசைத் தின்னுடும். நான் கண்ணால பாத்திருக்கேன். இத்தனை வருஷம் இதுக்குள்ள இருந்த காசு இப்படி மின்னாது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "நீ தொறக்கவே இல்லன்னா, இது என்னோடது இல்ல."

சீல்காரர் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். பச்சையைப் பார்த்தது, தேய்த்தது, மறுபடியும் ஒட்டினது, எழுதினது, எல்லாமே ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நடுவில் சைக்கிளும் வந்தது, தையல் மெஷின் தவணையும் வந்தது. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான். முன்னொரு தடவை கேட்டது போலவே கேட்டான்.

"பச்சையோடவே குடுத்திருந்தா பாத்த உடனே நம்பியிருப்பேண்ணா," என்றான் கடைசியில். "அதை எடுக்கறதுக்கு மருந்து இருக்கு. பாதிக்காசையாவது காப்பாத்தியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கழுவியிருப்போம். இப்போ என் காசும் இல்ல, பச்சையும் இல்ல. நீ சொல்றது மட்டும்தான் இருக்கு."

"இருடா. காட்டறேன். பழைய உறை இருக்கு, துணி இருக்கு, எல்லாம் பச்சையா இருக்கு. இரு."

செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். குப்பைத் தொட்டியைக் காலையில்தான் காலி செய்திருந்தார்கள். அடியில் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் இரண்டு கையாலும் கிளறினார். காய்கறித் தோல், முட்டை ஓடு, யாரோ கிழித்துப் போட்ட பில்கள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். கையை இன்னும் ஆழமாக விட்டார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரர், "என்ன தேடறீங்க? எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். சீல்காரர் இன்னும் வேகமாகக் கிளறினார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. தம்பி. அவர் சட்டையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டான். சின்னக் குழந்தையைப் பிடிப்பது போல மெதுவாகத்தான் பிடித்தான்.

"வாண்ணா, உள்ள போலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"நிஜமாத்தான்டா சொல்றேன். பச்சையா இருந்துச்சு."

"சரி விடுண்ணா," என்றான் தம்பி. வீடு வரைக்கும் கையை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தான், கை கழுவத் தண்ணீர் ஊற்றினான், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தான். நம்புகிறேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.